கையெழுத்துப் போடுவதற்கு முன்: வெள்ளத்தில் மூழ்கிய கார் பற்றி லாபிஸ் வாசகிக்கு

கேள்வி: நாங்கள் லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. 5 வருஷத்துக்கு முன் புது மைவி கார் எடுத்தோம். கடன் 45,000 வெள்ளி, 3.2 விழுக்காடு, 9 வருஷம். மாதம் 537 வெள்ளி கட்டுகிறோம், இன்னும் 4 வருஷம் பாக்கி. போன மழையில் ஆற்றுத் தண்ணீர் லயத்துக்குள் வந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகத் துயர் துடைப்பு மையத்துக்குப் போனோம். கார் வாசலிலேயே நின்றது. இரண்டு நாள் கழித்துத் திரும்பினால் சீட்டு வரை சேறு. பக்கத்து வீட்டுத் தம்பி உதவி செய்ய நினைத்துச் சாவியைத் திருப்பினான். இரண்டு தடவை உறுமி நின்றுவிட்டது. பிறகு ஏதோ ஓர் இழுவை லாரி வந்து டவுனில் ஒரு பட்டறையில் இறக்கிவிட்டது. போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டோம். சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வந்து படம் எடுத்துப் போனார். இப்போது இன்சூரன்ஸ் கம்பெனி, டோட்டல் லாஸ் (சரிசெய்து பயனில்லாத முழு நஷ்டம்), 33,500 தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. பாலிசியில் 38,000 என்று இருக்கிறது. இஞ்சினை ஸ்டார்ட் செய்தது தெரிந்தால் ஒரு காசு கிடைக்காது, அதனால் பேசாமல் வாங்கிக்கொள் என்கிறார்கள் சிலர். பட்டறைக்காரர் வெற்றுப் பாரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். இன்னும் எதிலும் போடவில்லை. காரே இல்லை, மாதத் தவணையை நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருங்கள். 33,500 என்ற கணக்கு எப்படி வந்தது என்று கம்பெனி எழுத்தில் சொல்லும்வரை பேனாவை எடுக்க வேண்டாம்.

நான் 26 ஆண்டுகள் அட்ஜஸ்டராக வேலை பார்த்தவன். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரை மூழ்கடித்த வெள்ளத்தில் சிகாமட், கோத்தா திங்கி பக்கம் சேற்றில் நின்று கார்களைப் பார்த்திருக்கிறேன். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா, 2023 மார்ச்சில் மறுபடியும் சிகாமட். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் உங்கள் வீடு எங்கே இருக்கும் என்று பார்க்காமலே தெரியும். துரை பங்களா மேட்டில் இருக்கும், ஆபீஸ் அதற்குக் கீழே, லயம் எல்லாவற்றுக்கும் கீழே ஆற்றை ஒட்டிய தாழ்வில். தண்ணீர் முதலில் வருவது நம் வாசலுக்குத்தான். அதனால் வெள்ளக் காப்பு மற்ற எவரையும்விட நமக்குத்தான் அதிகம் தேவை. ஆனால் அதை எடுக்காமல் விடுவதும் பெரும்பாலும் நாம்தான்.

அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பயத்துக்குப் பாதி பதில் அங்கேயே இருக்கிறது. "ஃபர்ஸ்ட் பார்ட்டி எடுத்திருக்கிறேன், அதில் எல்லாம் வரும்" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். வராது. மலேசியாவில் முழுக் காப்புறுதி, அதாவது காம்ப்ரிஹென்சிவ் எடுத்திருந்தாலும், வெள்ளம், புயல், நிலச்சரிவு போன்றவை அதில் தானாகச் சேராது. தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். ஸ்பெஷல் பெரில்ஸ் என்பார்கள். பாலிசியின் முதல் பக்கங்களில் ஸ்கெடியூல் அல்லது மலாயில் ஜடுவால் என்ற தலைப்பில் ஓர் அட்டவணை இருக்கும். அதில் கூடுதல் காப்புகளின் பட்டியலில் 57 என்ற எண்ணும் ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டவணை கையில் இல்லாவிட்டால் ஏஜெண்டிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப அவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

உங்கள் விஷயத்தில் கம்பெனி தொகையே பேச ஆரம்பித்துவிட்டது. அட்டவணையில் ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற அந்த வரி இல்லாமல் ஒரு கம்பெனி வெள்ளத்துக்கு 33,500 தருகிறேன் என்று சொல்லாது. ஆகவே காப்பு உண்டா இல்லையா என்ற கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இருந்தாலும் அந்த வரியை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். முழுத் தொகைக்கு இல்லாமல் ஒரு பகுதிக்கு மட்டும் என்ற மலிவான வெள்ளக் காப்பும் விற்கிறார்கள். உங்களுடையது எது என்று தெரிந்தால்தான் பேச முடியும்.

அடுத்து அந்தத் தம்பி சாவியைத் திருப்பியது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்களை மிரட்டப் பயன்படுவது இதுதான்.

காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில சமயம் இஞ்சின் பிளாக்கே உடையும். ஸ்டார்ட் செய்யாமல் விட்டிருந்தால் கழுவி, எண்ணெய் மாற்றிச் சரிசெய்திருக்கக்கூடிய இஞ்சின் அப்படித்தான் வீணாகிறது. மோட்டார் பாலிசிகளிலும் இதற்கு ஒரு விதி உண்டு: சேதம் நடந்த பிறகு அதைப் பெரிதாக்கக் கூடாது, பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடிய சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை. உங்களிடம் சிலர் சொல்வது இந்த விதியின் ஒரு துண்டைத்தான்.

ஆனால் அந்த விதி சொல்வது கூடிய சேதத்தை மட்டும். வெள்ளம் செய்த சேதம் வெள்ளம் செய்ததுதான். சீட்டு வரை தண்ணீர் ஏறிய காரில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்கிறேன். தரை விரிப்புக்கு அடியில் ஓடும் வயர் கட்டு முழுக்க நனைந்திருக்கும். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பல கார்களில் நடுவே, கியருக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கும். அதுவும் போயிருக்கும். சீட் பெல்ட்டின் அடி உருளை, கதவு மோட்டார்கள், ஸ்பீக்கர், சீட்டுப் பஞ்சு எல்லாம் சேறு குடித்திருக்கும். இவை எதற்கும் இஞ்சினுடன் சம்பந்தமில்லை. சாவியைத் தொடாமல் இருந்திருந்தாலும் இந்தப் பட்டியல் அப்படியேதான் இருந்திருக்கும். பல கார்கள் டோட்டல் லாஸ் ஆவது இஞ்சினால் இல்லை, இந்த மின்சாரப் பாகங்களால்தான்.

ஆகவே நடந்ததை மறைக்காதீர்கள். கேட்டால் நேராகச் சொல்லுங்கள்: "தண்ணீர் வடிந்த பிறகு ஒருவர் சாவியைத் திருப்பினார், இரண்டு முறை முயன்று நின்றுவிட்டது." நான் பார்த்த ஒரு கேஸில் வீட்டுக்காரர் யாரும் தொடவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். திறந்து பார்த்தால் ராடு வளைந்திருந்தது. அந்த ஒரு பொய்யால் அவர் சொன்ன மற்ற உண்மைகளையும் கம்பெனி சந்தேகிக்க ஆரம்பித்தது. மாதக்கணக்கில் இழுத்தது. தெரியாமல் செய்த தவறுக்கு ஒரு பகுதியில்தான் தகராறு வரும். தெரிந்து பொய் சொன்னால் கிளெய்ம் முழுவதையும் இழக்க நேரிடும்.

சரி, இப்போது 33,500-க்கு வருவோம்.

உங்கள் பாலிசியில் இருக்கும் 38,000 என்பது கம்பெனி தரக்கூடிய உச்ச வரம்பு. பெரும்பாலான பாலிசிகள் சந்தை மதிப்பு அடிப்படையில் எழுதப்படுகின்றன. அதாவது வெள்ளம் வந்த அன்று அந்தக் கார் சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்குமோ அது, அல்லது 38,000, இரண்டில் எது குறைவோ அதைத் தருவார்கள். சில பாலிசிகள் ஒப்புக்கொண்ட மதிப்பு, அதாவது அக்ரீட் வேல்யூ என்ற முறையில் இருக்கும். அப்படி எழுதியிருந்தால் டோட்டல் லாஸுக்கு 38,000-ஐயே கேட்கலாம். அதே அட்டவணையில் தொகைக்குப் பக்கத்தில் எது என்று இருக்கும். தயவுசெய்து இதை இன்றைக்கே பாருங்கள். இந்த ஒரு சொல்லில் 4,500 வெள்ளி தங்கியிருக்கிறது.

சந்தை மதிப்பு என்றிருந்தால் கம்பெனிக்கு ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல் எழுதுங்கள். மலாயில் எழுதலாம், நீளம் வேண்டாம். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: 33,500 என்பது எந்த மதிப்பீட்டின்படி? இஞ்சினை ஸ்டார்ட் செய்ததற்காக அதில் ஏதாவது கழித்திருக்கிறீர்களா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கழித்திருந்தால், இஞ்சினைத் தவிர்த்துப் பார்த்தாலே கார் டோட்டல் லாஸ் ஆகுமா என்று அட்ஜஸ்டரின் மதிப்பீட்டை வைத்துக் கேட்கலாம். ஆகும் என்றால், சரி செய்யவே போகாத இஞ்சினுக்காகப் பணத்தைக் குறைப்பதில் நியாயம் இல்லை. இதை நான் கம்பெனிகளிடமே வாதாடியிருக்கிறேன்.

கழிக்கவில்லை, விலையே அவ்வளவுதான் என்று சொன்னால் அடுத்த வேலை உங்களுடையது. முடா, கார்லிஸ்ட் போன்ற தளங்களில் உங்கள் கார் போன்றதே, அதே வருஷம், அதே மாடல், அதே கியர், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய நான்கைந்து கார்களின் விளம்பரத்தைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். விளம்பர விலை கேட்கும் விலைதான், விற்கும் விலை சற்றுக் குறையும். அதனால் ஆக உயர்ந்த விலையை மட்டும் பொறுக்கி அனுப்பினால் மதிக்க மாட்டார்கள். கூடவும் குறையவும் உள்ளதைக் கலந்து அனுப்புங்கள். கடைசியாக பாலிசியைப் புதுப்பித்தபோது கம்பெனியே பரிந்துரைத்த மதிப்பு ரினியூவல் நோட்டீஸில் இருந்தால் அதையும் சேருங்கள். சர்வீஸ் புத்தகம், புதிய டயர் வாங்கிய ரசீது இவையும் உதவும். 33,500 அப்படியே 38,000 ஆகும் என்று நான் ஆசை காட்டவில்லை. ஆனால் ஆதாரத்தோடு கேட்டவர்களுக்குத் தொகை உயர்ந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். கேட்காதவர்களுக்கு உயர்ந்து ஒருபோதும் பார்த்ததில்லை.

அவர்கள் நீட்டும் தாளின் பெயர் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் வவுச்சர். இந்தத் தொகையோடு எல்லாம் முடிந்தது, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்பதுதான் அதன் பொருள். போட்டுவிட்டுப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தவணை பற்றி: நிறுத்தாதீர்கள். கார் மூழ்கினாலும் கடன் மூழ்கவில்லை. கார்க் கடனுக்கான வாடகைக் கொள்முதல் சட்டப்படி தொடர்ந்து இரண்டு தவணை தவறினாலே பேங்க் நோட்டீஸ் அனுப்பலாம். உங்கள் கடன் வரலாறும் கெடும், அடுத்த கார் எடுக்கும்போது அதுதான் குறுக்கே நிற்கும். கஷ்டமாக இருந்தால் வெள்ளம், போலீஸ் ரிப்போர்ட், கிளெய்ம் எண் எல்லாவற்றையும் சொல்லி பேங்கிடம் அவகாசம் கேளுங்கள்.

டோட்டல் லாஸில் பணம் முதலில் பேங்குக்குப் போகும், மீதிதான் உங்கள் கைக்கு. இங்கே பலர் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு மனம் உடைந்துபோகிறார்கள். பாக்கி 48 மாதம், மாதம் 537 என்றால் 25,776 வருகிறது. நீங்கள் அடைக்க வேண்டியது அவ்வளவு இல்லை. முன்கூட்டியே அடைக்கும்போது வராத மாதங்களுக்கான வட்டியில் கழிவு தர வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டமே சொல்கிறது. நீங்கள் எழுதிய கடன் கணக்குப்படி அந்தக் கழிவு சுமார் 2,590 வெள்ளி. அடைக்க வேண்டியது ஏறக்குறைய 23,190. அப்படியானால் 33,500-இல் உங்கள் கைக்கு வருவது சுமார் 10,300. கம்பெனி தொகையை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த உயர்வு முழுவதும் உங்களுக்குத்தான், பேங்குக்கு ஒரு காசும் கூடாது. ஆயிரம், இரண்டாயிரத்துக்கு எதற்கு அலைய வேண்டும் என்று நினைக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். முழுக் கடனை அடைக்கும் தொகை என்ன என்று பேங்கிடம் இப்போதே ஒரு கடிதம் வாங்குங்கள்.

பட்டறைக்காரர் விஷயம் சுருக்கமாக. வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடவே கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. கார் டோட்டல் லாஸ் என்றான பிறகு அங்கே பழுது வேலை எதுவும் இல்லை. இழுத்து வந்த கூலி, வைத்திருக்கும் வாடகை, இவ்வளவுதான் அவர் கேட்கக்கூடியது. அதை எழுத்தில் வாங்கி உடனே கம்பெனிக்கு அனுப்புங்கள், காரை அங்கிருந்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். நாள் ஆக ஆக வாடகை ஏறும். எதையும் கழற்ற வேண்டாம் என்று அவரிடமும் வாட்ஸ்அப்பில் எழுதி வையுங்கள். ஒருநாள் நேரில் போய், காரைச் சுற்றிப் படம் எடுத்து, டேஷ்போர்டில் கிலோமீட்டர் தெரியாவிட்டால் சர்வீஸ் ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்பது அந்த நாடாவில் கோடு போட்டது போல் பதிந்திருக்கும். அட்ஜஸ்டராக நான் முதலில் பார்ப்பது அதைத்தான். காரில் இருக்கும் டச் அண்ட் கோ கார்டு, பிள்ளைகளின் பொருள், சாமி படம் எல்லாவற்றையும் எடுத்து வந்துவிடுங்கள். கம்பெனி எடுத்துப் போன பிறகு கிடைக்காது.

எழுதிக் கேட்டும் கம்பெனி ஒத்துவரவில்லை என்றால் அதன் புகார் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவை எழுத்தில் வாங்குங்கள். பிறகு இன்சூரன்ஸ், பேங்க் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தைகளுக்கான ஓம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். சுருக்கமாக எஃப்எம்ஓஎஸ் என்பார்கள். முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்தது, 2025 ஜனவரி முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. நமக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனியின் இறுதி முடிவு வந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணுக்கு அழையுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற தோட்டத்து வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கார் டோட்டல் லாஸ் ஆகாமல் பழுது பார்க்கும் நிலையில் இருந்தால், 5 வயதும் அதற்கு மேலும் ஆன காருக்குப் பழைய பாகத்தை மாற்றிப் புதிய அசல் பாகம் போடும்போது அதன் விலையில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டிவரும். பெட்டர்மெண்ட் என்பார்கள். 5 வயதில் 15 விழுக்காடு, 10 வயதும் அதற்கு மேலும் ஆனால் 40 விழுக்காடு வரை. கூலிக்கு அது கிடையாது. பட்டறை பில்லில் அந்த வரியைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம், ஆனால் கூலியின் மேலும் போட்டிருந்தால் கேளுங்கள்.

வெள்ளக் காப்புக்கு ஆகும் செலவு பெரும்பாலும் காப்புத் தொகையில் 0.2 முதல் 0.5 விழுக்காடு. 38,000 வெள்ளிக் காருக்கு வருஷம் 76-இலிருந்து 190 வெள்ளி. டவுனில் யாரோ ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து சாலை வரியோடு சேர்த்து எடுத்துவரச் சொல்லும்போது, அவர் மலிவான விலையைக் காட்ட முதலில் வெட்டுவது இதைத்தான். ஸ்பெஷல் பெரில்ஸ் போடு என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். காப்புத் தொகையையும் குறைக்கச் சொல்லாதீர்கள். சந்தை மதிப்பைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், நஷ்டத்தில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும்.

மழைக்காலத்தில் ஆறு ஏறும் என்று தெரிந்தால் காரை இருட்டுவதற்கு முன்பே ஆபீஸ் மேட்டிலோ கோயில் மேட்டிலோ கொண்டுபோய் நிறுத்துங்கள். மேனேஜரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்துக்கொண்டால் அந்த ராத்திரியில் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஹைபிரிட் கார் என்றால் எதையும் தொடாதீர்கள், ஆரஞ்சு நிற வயர் பக்கமே போகாதீர்கள். பிறகு படம், போலீஸ் ரிப்போர்ட், கம்பெனிக்குத் தகவல். மோட்டார் பாலிசிகளில் தகவல் சொல்ல வழக்கமாக 7 நாள் கெடு உண்டு. இழுவை லாரியைக் கம்பெனியின் எண்ணில்தான் அழைக்க வேண்டும், வாசலில் வந்து நிற்பவரை நம்பிக் கொடுக்க வேண்டாம்.

தங்கச்சி, இன்று ராத்திரி அட்டவணையைப் பாருங்கள், நாளைக்கு அந்த இரண்டு கேள்வியையும் அனுப்புங்கள். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்ததைச் சேர்ந்து பார்ப்போம். அப்புறம், அந்தப் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: சீட்டு வரை தண்ணீர் ஏறியபோதே அந்தக் கார் போய்விட்டது, அவன் சாவியைத் திருப்பியதால் போகவில்லை என்று. இந்த நேரத்தில் அவனும் தூங்காமல்தான் இருப்பான்.